வரைவியல் மென்பொருளும் தமிழ் எழுத்துருவும்

பசறைப் பகுதித் தோட்டமொன்றின் கோயில் திருவிழாவுக்கு நீங்கள் சுவரொட்டி தயாரிப்பதாகக் கொள்க. கோபுரத்தின் புகைப்படத்தைத் திருத்துவதற்குக் கிம்ப் பொருத்தமானது. ஆனால் புகைப்படம் பிக்சல்களால் ஆனது. அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் சிதையும். தலைப்பையும் கோலங்களையும் இங்க்ஸ்கேப்பில் வரைக. 2003 இல் தோன்றிய இம்மென்பொருள் காவி வரைவியலுக்குரியது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடுகள் தெளிவாக இருக்கும். இரண்டும் இலவசம்.

மாணவர் பலர் தவறுவது எழுத்துருவிலேயே. பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியீடுகளில் தமிழ் வடிவங்களை ஏற்றியது. எனவே பாமினி நிறுவப்படாத பதுளை அச்சகக் கணினியொன்றில் கோப்பைத் திறந்தால், சுவாமியின் பெயரே பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்! யுனிகோட்டில் தட்டச்சு செய்தால் தமிழ் தமிழாகவே இருக்கும். எனினும் எழுத்தின் தோற்றம் மாறலாம். ஆகவே இங்க்ஸ்கேப்பில் எழுத்துகளைப் பாதையாக மாற்றியபின் பீடிஎப் கோப்பாகச் சேமிக்க.

கவனிக்க: பாதையாக மாற்றிய எழுத்தில் பிழையைத் தட்டச்சு செய்து திருத்த முடியாது. மூலக் கோப்பைத் தனியே வைத்திருங்கள்.