தேதி போட்ட காகிதம்

தாராவி மும்பை நகரின் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் மாகிம். ஒரு பக்கம் சயான். ஒரு பக்கம் மாட்டுங்கா. வடக்கே மித்தி ஆறு.

முன்பு இது சதுப்பு நிலம். கடல் நீர் ஏறும், இறங்கும். கோலி மீனவர்கள் இங்கே மீன் பிடித்து வாழ்ந்தார்கள். அவர்கள் வாழும் பகுதிக்கு இன்றும் கோலிவாடா என்று பெயர்.

பிறகு மற்றவர்கள் வந்தார்கள். குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து குயவர்கள் வந்தார்கள். அவர்கள் இடம் கும்பார்வாடா ஆனது. தமிழ்நாட்டிலிருந்து தோல் தொழில் தெரிந்த முஸ்லிம்கள் வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோல் பதனிடும் பட்டறைகள் எழுந்தன. அந்தப் பட்டறைகளில் வேலை செய்யத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

நம் முன்னோர்கள் ஊரை விட்டு ஏன் வந்தார்கள்? மழை பொய்த்தது. சொந்த நிலம் இல்லை. கூலி போதவில்லை. பலருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது தீண்டாமை. ஊருக்கு ஒரு கிணறு, சேரிக்கு ஒரு கிணறு என்று இருந்தது. தோல் வேலையில் நாற்றம் உண்டு. கை புண்ணாகும். ஆனாலும் கூலி கையில் வந்தது.

பக்கத்தில் மாட்டுங்காவிலும் தமிழர்கள் குடியேறினார்கள். அவர்களில் பலர் ஊரிலேயே படித்துவிட்டு வந்தவர்கள். ஆபீஸ் வேலைக்குப் போனார்கள். 1932-இல் அங்கே சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி என்ற கல்விச் சங்கம் தொடங்கியது. மொழி ஒன்றுதான். எழுத்து தெரிந்தவர் ஒரு பக்கம் போனார். தெரியாதவர் மறு பக்கம் போனார். பள்ளிக்கூடத்துக்குள் யாரை விட்டார்கள், யாரை விடவில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம்.

சேர்ந்து நின்றார்கள்

முதலில் ஆண்கள் மட்டும் வந்தார்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே அறையில் தங்கினார்கள். அதற்குப் 'பொங்கல் வீடு' என்று பெயர். புதிதாக வந்தவருக்கு அங்கே படுக்க இடம் கிடைத்தது. வேலைக்கு வழி கிடைத்தது. பிறகு குடும்பங்கள் வந்தன. மண்ணும் கல்லும் கொட்டிச் சேற்றை மேடாக்கினார்கள். அதன்மேல் குடிசை போட்டார்கள். 1887-இல் பெரிய பள்ளிவாசல் எழுந்தது. 1913-இல் பிள்ளையார் கோயில் எழுந்தது. மாநகராட்சி தமிழ்ப் பள்ளிகளும் வந்தன.

காலம் மாறியது. தொழிலும் மாறியது. தோல் பதனிட்ட இடத்தில் தோல் பை தைக்கிறார்கள். விடியற்காலையில் இட்லி அவித்துச் சைக்கிளில் கொண்டு போகிறார்கள். அந்த இட்லி மும்பை எங்கும் விற்கிறது.

இப்படி நிலத்தை உண்டாக்கியது நம் உழைப்பு. ஆனால் 'இது உன் இடமா?' என்று சர்க்கார் கேட்டபோது உழைப்பைக் காட்ட முடியவில்லை. காகிதத்தைத்தான் காட்ட வேண்டியிருந்தது.

1976: எண்ணிய ஆண்டு

1976 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு பம்பாயில் உள்ள குடிசைகளை எண்ணியது. கணக்கில் வந்த குடும்பங்களுக்குப் படம் ஒட்டிய சீட்டு கொடுத்தார்கள். அதுதான் போட்டோ பாஸ்.

அதே ஆண்டு மே மாதம் இன்னொன்று நடந்தது. மான்கூர்டு அருகே ஜனதா காலனி இருந்தது. அங்கே பல ஆயிரம் ஏழைகள் வாழ்ந்தார்கள். தமிழர்களும் நிறையப் பேர். பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு அந்த இடம் வேண்டும் என்றார்கள். மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பல ஆண்டுகள் போராடினார்கள். முன்னால் நின்றவர் ஜோக்கின் அற்புதம். அவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த தச்சுத் தொழிலாளி.

அப்போது நாட்டில் நெருக்கடி நிலை. காலனியை இடித்தார்கள். மக்களை டிராம்பே பக்கம் சீட்டா கேம்ப் என்ற இடத்துக்கு மாற்றினார்கள். வீடு போனது. ஆனால் மக்கள் சிதறவில்லை. சேர்ந்து போராடியதால் சேர்ந்தே போனார்கள். மாற்று இடமும் கிடைத்தது. சீட்டா கேம்ப் இன்றும் இருக்கிறது.

ஜோக்கின் அதோடு நிற்கவில்லை. தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பைக் கட்டினார். குடிசை மக்கள் தங்களைத் தாங்களே எண்ணி, எழுதி வைக்க வேண்டும் என்றார். 'மகிளா மிலன்' பெண்கள் இந்த வேலையில் சேர்ந்தார்கள். ஜோக்கினுக்கு 2000-இல் மகசேசே விருது கிடைத்தது. அவர் 2018-இல் காலமானார்.

சேலத்துக்குப் போன பஸ்

சேலத்திலிருந்து ஒரு கூலித் தொழிலாளி 1961-இல் பம்பாய் வந்தார். ஊரில் பஞ்சம், வேலை இல்லை. குடும்பத்தோடு நடைபாதையில் குடிசை போட்டு வாழ்ந்தார். 1981 ஜூலையில் குடிசையை இடித்தார்கள். குடும்பத்தை பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். அவர் என்ன செய்தார்? திரும்பவும் வேலை தேடிப் பம்பாய்க்கே வந்தார். மறுபடியும் நடைபாதையில்தான் தங்கினார்.

அவரைப் போன்றவர்களின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1985 ஜூலை 10 அன்று தீர்ப்பு வந்தது. பிழைக்க வழி இல்லாமல் உயிர் வாழ முடியாது. ஆகவே வாழும் உரிமையில் பிழைக்கும் உரிமையும் அடங்கும் என்றது கோர்ட். இது பெரிய தீர்ப்பு. ஆனால் நடைபாதையில் இருக்க உரிமை உண்டு என்று அது சொல்லவில்லை. 1976 கணக்கில் வந்து சீட்டு வைத்திருந்தவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும் என்றது. அங்கேயும் காகிதம்தான் பேசியது.

இன்றைய சர்வே

பிறகு அரசு தேதியைத் தள்ளிக்கொண்டே வந்தது. 1976 என்பது 1995 ஆனது. அப்புறம் 2000 ஆனது.

2022-இல் தாராவியைத் திருப்பிக் கட்டும் ஏலத்தை அதானி குழுமம் எடுத்தது. 2024 மார்ச்சில் வீடு வீடாகச் சர்வே தொடங்கியது. விதி இதுதான்: 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத் தளத்தில் இருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதன் பிறகு 2011-க்குள் வந்தவருக்கு வெளியே வீடு, பணம் கட்டி. மேல் தளத்தில் இருப்பவருக்கும் வெளியேதான் வீடு, வாடகைக்கு.

ஒரே சந்து. ஒரே குழாய். ஆனால் ஒரு தேதி மூன்று குடும்பங்களை மூன்று பக்கம் பிரிக்கிறது. இது சரியா? பலர் கேட்கிறார்கள். நாமும் கேட்கலாம். கேட்பதற்கும் விதியைப் படித்திருக்க வேண்டும்.

வகுப்பில் ஓர் ஆச்சி கேட்டார்:

"ஏம்மா, நாப்பது வருசமா இங்கதான இருக்கேன். இந்தச் சந்துல எல்லாருக்கும் என்னத் தெரியுமே. அது போதாதா?"

"நமக்குப் போதும் ஆச்சி. சர்வேக்கு வர்றவங்களுக்கு உங்களத் தெரியாதே. அவங்களுக்குக் காகிதந்தான் சாட்சி."

"காகிதம் இருக்கு. டிரங்குப் பெட்டியில கிடக்கு. என்ன எழுதியிருக்குன்னுதான் தெரியல."

"கொண்டு வாங்க ஆச்சி. நாளைக்கு அதையே பாடமா வைப்போம்."

பெயரில் வரும் தொல்லை

நம் ஊர் வழக்கம் வேறு, மகாராஷ்டிர வழக்கம் வேறு. நாம் மு. செல்வி என்று எழுதுவோம். இங்கே பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கேட்பார்கள். அதனால் ரேஷன் கார்டில் ஒரு பெயர், லைட் பில்லில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று ஆகிவிடும். ஒரே ஆள் மூன்று ஆள் போலத் தெரிவார்.

பழைய போட்டோ பாஸ் பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கும். ஆனால் குடிசை மாற்றுத் திட்டத்தில் வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் வர வேண்டும் என்பது விதி. பெண்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

2005 ஜூலை 26 பெருமழை நினைவிருக்கிறதா? வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. துணி நனைந்தால் காயும். காகிதம் நனைந்தால் எழுத்து போய்விடும்.

சீட்டா கேம்ப் நமக்கு ஒன்று சொல்கிறது: கூட்டாக நின்றால் சிதற மாட்டோம். 1985 தீர்ப்பு இன்னொன்று சொல்கிறது: சீட்டு இருந்தால் கேட்க முடியும். இரண்டில் ஒன்று மட்டும் போதாது.

செய்வோம்

1. வீட்டில் உள்ள காகிதங்களை எடுங்கள். தேதியைப் படியுங்கள். பழையதை முதலில் வையுங்கள்.
2. ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். வேறுபட்டால் திருத்த மனு கொடுங்கள். மனு வாங்கியதற்கு முத்திரை போட்ட நகல் கேளுங்கள்.
3. பல பாரங்கள் மராத்தியில் வருகின்றன. மராத்தி எழுத்தில் உங்கள் பெயரை எழுதிப் பழகுங்கள்.
4. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.
5. காகிதங்களைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு உயரத்தில் வையுங்கள். போனில் படம் எடுத்து வையுங்கள்.
6. பக்கத்து வீட்டில் படிக்கத் தெரியாதவர் இருந்தால் அவர் காகிதத்தையும் படித்துக் காட்டுங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. பொங்கல் வீடு என்றால் என்ன?
2. ஜனதா காலனி மக்கள் எங்கே போனார்கள்?
3. உங்கள் குடும்பத்தில் மும்பைக்கு முதலில் வந்தவர் யார்? எந்த ஆண்டு? அதற்கு உங்களிடம் என்ன காகிதம் இருக்கிறது?