இரு பக்கமும் லாபமா?

கேள்வி: வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்கின்றனவே, இரண்டுக்கும் லாபம்தானா என்று எப்படிச் சொல்வது?

பதில்: யார் அதிக கோல் அடித்தார் என்று எண்ணினால் விடை கிடைக்காது. எந்த அணிக்கு எது இல்லாமல் இருந்தது, அது வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். 2016 ஜனவரியில் நாஷ்வில்லும் கொலம்பஸும் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டன. நாஷ்வில்லில் தடுப்பாட்டக்காரர்கள் ஏராளம். நடுவில் நின்று தாக்குதலை நடத்த ஆளில்லை. கொலம்பஸில் தலைகீழ். தடுப்பாட்டக்காரர் சேத் ஜோன்ஸ் கொலம்பஸுக்குப் போனார், நடு ஆட்டக்காரர் ரையன் ஜோஹான்சன் நாஷ்வில்லுக்கு வந்தார். உப்பு மிஞ்சிய வீடும் புளி மிஞ்சிய வீடும் செய்துகொண்ட பண்டமாற்று.

2017-இல் நாஷ்வில் முதல்முறையாக லீகின் சாம்பியனைத் தீர்மானிக்கும் ஸ்டான்லி கோப்பை இறுதிக்குப் போனது. (காயத்தால் ஜோஹான்சன் இறுதியில் ஆடவில்லை என்பது தனி வருத்தம்.) அதே பருவத்தில் கொலம்பஸ் தொடர்ந்து 16 ஆட்டங்களை வென்றது. 2019-இல், 62 வெற்றிகளோடு வந்த டாம்பா பே அணியை கோப்பைக்கான முதல் சுற்றிலேயே நான்கு ஆட்டங்களுக்குப் பூஜ்யம் என்று வீட்டுக்கு அனுப்பியது.

ஜோஹான்சனுக்கு 8 ஆண்டுக்கு 64 மில்லியன் டாலர் எழுதிக்கொடுத்து நாஷ்வில் பின்னாளில் திண்டாடியதே என்பீர்கள். அது ஒப்பந்தத்தின் தப்பு. மாற்றத்தின் மேல் போடாதீர்கள். கொலம்பஸோ 2021-இல் ஜோன்ஸைச் சிகாகோவுக்குக் கொடுத்து இளம் வீரர்களைத் தேற்றிக்கொண்டது. என் கணக்கில் இருவருக்குமே லாபம். கொலம்பஸுக்குக் கொஞ்சம் கூடுதல்.