இலண்டனில் ஒரு விடுமுறை நாள்

இங்கிலாந்தின் தலைநகராகிய இலண்டன், தேம்ஸ் ஆற்றின் இரு கரைகளிலும் பரந்து விளங்கும் மாநகராகும். கோடைக்காலத்து விடுமுறை நாள்களில் அந்நகரத்து அலுவலகங்கள் அடைபட்டிருக்கும். ஆற்றங்கரையோ மக்கள் திரளால் நிறைந்திருக்கும். அத்தகைய நாளொன்றில் காலையில் புறப்பட்டு, ஆற்றை ஒட்டி நடந்து செல்பவர், முற்பகலில் பழஞ்சின்னங்கள் பலவற்றைக் கண்டு, பிற்பகலில் ஒரு நாடகத்தையும் கண்டு மகிழலாம்.

ஆற்றின் வடகரையில் கீழ்த்திசையில் நிற்பது இலண்டன் கோபுரம் என்னும் கோட்டை. 1066-ஆம் ஆண்டில் இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னன், நகர மக்களை அடக்கியாளக் கருதி இக்கோட்டையைக் கட்டத் தொடங்கினான். அரண்மனையாகவும் கொடுஞ்சிறையாகவும் இருந்த அவ்விடத்தில், அரச குலத்தின் மணிமுடிகள் இன்று காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அங்கே அண்டங்காக்கைகள் சில பேணி வளர்க்கப்படுகின்றன. அவை கோட்டையை விட்டு அகன்றால் அரசு வீழும் என்பது அந்நாட்டார் கூறும் பழங்கதை.

கோட்டையிலிருந்து மேற்கே சிறிது தொலைவு நடந்தால், 202 அடி உயரமுள்ள கற்றூண் ஒன்று தோன்றும். அது ஒரு பெருந்துயரத்தின் நினைவுச் சின்னம். 1666-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், ரொட்டி சுடுவோன் ஒருவனது மனையில் பற்றிய தீ, மரவீடுகள் நெருங்கிய குறுந்தெருக்களிற் காற்றினாற் பரவி, நான்கு நாள்கள் எரிந்தது. பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. தீ தோன்றிய மனைக்கும் அத்தூணுக்கும் இடையேயுள்ள தொலைவும் 202 அடியே. உள்ளேயுள்ள 311 படிகளையும் ஏறுவோர், எரிந்து மீண்டெழுந்த நகரைக் கண்ணாரக் காண்பர்.

அவ்வாறு மீண்டெழுந்தவற்றுள் தலைசிறந்தது தூய பவுல் பேராலயம். பழைய ஆலயம் தீக்கிரையாகவே, கிறிஸ்டபர் ரென் என்னும் சிற்ப வல்லுநர் புதியதொன்றை வகுத்தார். 1675-இல் தொடங்கிய பணி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்தது. அதன் குவிமாடம் 365 அடி உயர்ந்து நிற்கின்றது. தாம் வகுத்த ஆலயம் நிறைவெய்தியதை முதுமையிற் கண்டு மகிழும் பேறு ரென்னுக்கு வாய்த்தது.

ஆலயத்தின் எதிரே, ஆற்றின் குறுக்கே நடைப்பாலம் ஒன்று செல்கின்றது. அதனைக் கடந்தால் தென்கரையில் வெள்ளைச் சுவரும் வேய்ந்த கூரையும் உடைய வட்டமான கட்டடம் காணப்படும். அதுவே குளோப் நாடக அரங்கம். ஷேக்ஸ்பியர் பங்காளராய் இருந்த நாடகக் குழுவினர் 1599-இல் இப்பெயருடைய அரங்கத்தை அமைத்தனர். 1613-இல் நாடகத்தின் நடுவே முழக்கிய பீரங்கியின் பொறி கூரையிற் பட்டு, அரங்கம் முழுதும் எரிந்தது. உயிர்ச்சேதம் நேரவில்லை. உடையில் தீப்பற்றிய ஒருவர், கையிலிருந்த புட்டியின் பானத்தை ஊற்றி அவித்துக்கொண்டார் என்பர். மறு ஆண்டே அரங்கம் மீண்டும் எழுந்தது. ஆயினும் 1642-இல் பாராளுமன்றம் நாடகங்களைத் தடை செய்தது. பின்னர் அரங்கம் இடிக்கப்பட்டது. தீ அழித்ததை ஓராண்டில் எழுப்பினர். தடை அழித்ததை எழுப்ப முந்நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1949-இல் இலண்டனுக்கு வந்த சாம் வானமேக்கர் என்னும் அமெரிக்க நடிகர், அரங்கம் நின்ற இடத்தைத் தேடிச் சென்றார். அவர் கண்டது சுவரிற் பதித்த பெயர்ப்பலகை ஒன்றே. அவ்விடத்தருகே பழைய முறைப்படி அரங்கம் எழுப்ப அவர் உறுதி பூண்டார். 1970-இல் அறக்கட்டளை நிறுவிப் பொருள் திரட்டினார். கருவாலி மரச்சட்டங்களை மரமுளைகளாற் பிணைத்து, சுண்ணச் சாந்து பூசி, நாணற்கூரை வேய்ந்து கட்டினர். பழைய இடரை மறவாது, கூரைமேல் நீர் தெளிக்கும் குழாய்களையும் அமைத்தனர். பணி நிறைவுறுமுன், 1993-இல் வானமேக்கர் காலமானார். 1997-இல் அரங்கம் திறக்கப்பெற்றது. ரென்னுக்குக் கிட்டிய பேறு அவருக்குக் கிட்டவில்லை.

அரங்கின் நடுமுற்றம் வானை நோக்கித் திறந்திருக்கும். அங்கு ஏறத்தாழ எழுநூறு பேர் நின்று நாடகம் காணலாம். அக்காலத்தில் ஒரு பென்னி கொடுத்த ஏழைகள் நின்ற இடம் அது. இன்றும் குறைந்த கட்டணத்துக்குரிய இடம் அதுவே. மழை பெய்தால் நனைய வேண்டும். குடை விரித்தல் கூடாது. ஆயினும் மேடையை நெருங்கி நிற்பவர் அவரே. பகலொளியில் நடிகர் மக்களைக் காண்பர். மக்கள் நடிகரைக் காண்பர். ஒருவர் நகைப்பு மற்றவரைத் தொற்றும்.

மாலையில் கூட்டம் கலைந்து பாலத்தின் வழியே திரும்பும். கால்கள் நொந்திருக்கும், உள்ளமோ நிறைந்திருக்கும். காலையிற் கண்ட கோட்டை, மக்களை அடக்க மன்னன் எழுப்பியது. மாலையிற் கண்ட அரங்கம், மக்கள் மகிழ ஒரு நடிகர் எண்ணி எழுப்பியது. பயனைத் தாம் காணாவிடினும் பிறர்க்காக நற்பணி தொடங்குவோரை உலகம் மறவாது.