குடியும் மனநோயும் சேர்ந்து வந்தால்

தோட்டத்தில் சிலரைப் பார்த்திருப்பீர்கள். பத்து நாள் சரியாகத் தூங்காமல் ஓயாமல் பேசுவார்; கடன் வாங்கிக் கண்டபடி செலவு செய்வார். பிறகு பல வாரம் பெரட்டுக்குப் போகாமல் முடங்கிக் கிடப்பார். இரண்டு நேரத்திலும் குடி உண்டு. "சம்சு அவனைக் கெடுத்துப் போட்டுச்சு" என்று லயத்தில் பேசிக்கொள்வோம். குடி மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இருமுனை மனநோயும் இப்படித்தான் இருக்கும். குடி அந்த நோயை முற்ற வைக்கும். தற்கொலை எண்ணத்தையும் கூட்டும். ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும்.

மருந்து உண்டா? உண்டு.

லித்தியம்: மனதை நிலைப்படுத்தும். இதன் பயனை 1949-இல் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் எழுதினார். வெயிலில் வேர்த்து, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தாலும், வாந்தி பேதி வந்தாலும் இது இரத்தத்தில் அளவு மீறும். அப்போது கை நடுங்கும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். "குடிச்சிட்டான்" என்று சும்மா விட்டுவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

வல்புரோயேட்: இரண்டு நோயும் உள்ள 59 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2005-இல் வெளியானது. லித்தியத்தோடு இதையும் சாப்பிட்டவர்கள், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் குறைந்த நாட்களே அளவு மீறிக் குடித்தார்கள். ஈரலைச் சோதித்துத்தான் கொடுப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு ஆகாது, வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும்.

நல்ட்ரெக்ஸோன்: குடிக்க வேண்டும் என்ற ஆசையைத் தணிக்கும்.

டைசல்பிராம்: இதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரும், உயிருக்கும் ஆபத்து. மனநோயையும் கிளப்பிவிடலாம். "தெரியாமல் காப்பியில் கலந்து கொடுப்போம்" என்று வீட்டுப் பெண்கள் ஒருபோதும் நினைக்க வேண்டாம்.

எந்த மருந்து, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் கவனிக்க வேண்டியவை:

1. தினமும் நிறையக் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம். டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

2. "இன்னைக்குத் தண்ணி போட்டாச்சு, மாத்திரை வேண்டாம்" என்று தானாகவே மருந்தை விட்டுவிடக் கூடாது. குடித்ததை மறைக்காமல் சொல்லி, என்ன செய்வதென்று டாக்டரிடம் கேளுங்கள்.

3. கிளினிக்குக்கு வீட்டார் ஒருவர் கூடப் போங்கள். குடியைப் பற்றி மட்டும் சொல்லாமல், தூக்கமில்லாத நாட்களையும் படுத்தே கிடந்த நாட்களையும் சொல்லுங்கள். இரண்டும் தெரிந்தால்தான் டாக்டரால் சரியான மருந்தைக் கொடுக்க முடியும்.