தண்ணீரும் குவளையும்: இல்லறத்தார்க்கு ஒரு பாடம்

நம் இல்லங்களில் தண்ணீர் குடத்தில் விழுமுன் துணியில் விழுகிறது. கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிரும் நம்மால் மாளலாகாது என்று நம் முன்னோர் வகுத்த வழக்கம் அது. வடிகட்டிய துணியை அந்த நீர்நிலையிலேயே அலசிவிட வேண்டும் என்பார் என் பாட்டியார். உயிர் தன் இடத்திற்கே திரும்பவேண்டுமாம். இத்துணை நுட்பமாகத் தண்ணீரை நோக்கும் நாம், தண்ணீரை முன்னிட்டு மனிதர்க்கு இழைக்கப்படும் இழிவை எவ்வளவு நோக்கியிருக்கிறோம் என்பதே இப்பாடத்தின் வினா.

நான் வாழும் புதுக்கோட்டை மாவட்டத்தை நம்மவர் சித்தன்னவாசலால் அறிவர். ஏழடிப்பட்டத்தில் அருந்தவத்தோர் துயின்ற கற்படுக்கைகளைக் காணப் பேருந்துகளில் வந்து செல்கின்றனர். இதே மாவட்டத்தில் முட்டுக்காடு ஊராட்சியைச் சேர்ந்த வேங்கைவயல் என்னும் சிற்றூர் 2022 டிசம்பரில் நாடெங்கும் பேசப்பட்டது. அங்குள்ள ஆதிதிராவிடர் குடியிருப்பில் பிள்ளைகள் சிலர்க்கு உடல்நலம் குன்றியது. குடிநீரைப் பாருங்கள் என்று மருத்துவர் கூற, டிசம்பர் 26 அன்று மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின்மீது ஏறிப் பார்த்தவர்கள் அதில் மனித மலம் கலந்திருக்கக் கண்டனர். அந்த நீரைத்தான் அக்குடும்பங்கள் குடித்திருந்தன.

குற்றத்தைச் செய்தவர் யார் என்னும் ஆராய்ச்சிக்குள் நான் புகவில்லை. 2023 சனவரியில் வழக்கு குற்றப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது; அவ்வாண்டே உயர்நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதியரசர் ஒருவரைக் கொண்டு ஒருநபர் ஆணையம் அமைத்தது; 2025 சனவரியில் அக்குடியிருப்பைச் சேர்ந்த மூவர்மீதே குற்றப் பத்திரிகை தாக்கலாயிற்று. அம்மக்கள் அதனை ஏற்க மறுத்து, மத்தியப் புலனாய்வு வேண்டுமென்று கோரினர். தீர்ப்புக் கூறுதல் நீதிமன்றத்தின் கடமை. நான் காட்ட விரும்புவது அதன் அருகே வெளிப்பட்ட வேறொன்றை.

தொட்டிச் செய்தி கேட்டு மாவட்ட ஆட்சித் தலைவரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்தனர். இருவரும் பெண்மணிகள். அம்மக்களிடம் குறை கேட்டபோது, அருகிலுள்ள இறையூரின் தேநீர்க் கடையில் தங்களுக்குத் தனிக் குவளை என்றும், அய்யனார் கோயிலுள் தாங்கள் தலைமுறைகளாகச் சென்றதில்லை என்றும் கூறினர். ஆட்சியர் அவர்களை அழைத்துக்கொண்டு கோயிலுள் நுழைந்தார். குவளைகளுக்கு வழக்குப் பதிவாயிற்று. வெளியிலிருந்து வந்த இருவர் ஒரே நாளில் கண்டுகொண்டதை, அக்கடையில் நாள்தோறும் தேநீர் அருந்தியோர் ஏன் காணவில்லை? அவ்வழியே சென்ற அரசு ஊழியர், வணிகர், என் போன்ற ஆசிரியர் எத்தனை பேர் அப்பலகையில் அமர்ந்திருப்பர்! அவர்கள் கொடியவர் அல்லர். தமக்கு வந்த குவளை தூயதாக இருந்தது, அவ்வளவே. தமக்கு நேராத இழிவு கண்ணில் படாமற்போவது மனித இயல்பு. ஆகவேதான் அதனைப் பயின்று காணவேண்டியிருக்கிறது.

பிறரைச் சொல்லுமுன் என்னைச் சொல்லவேண்டும். 1986ஆம் ஆண்டு, ஆசிரியர் பயிற்சி மாணவியரின் கற்பித்தல் பயிற்சியை மேற்பார்வையிட ஒரு கிராமப் பள்ளிக்குச் சென்றிருந்தேன். நண்பகல் வேளை. திண்ணையில் பானை இருந்தது. பிள்ளைகள் தாமே மொண்டு குடித்தனர். மூன்று பிள்ளைகள் மட்டும் சற்றுத் தள்ளி, கைகளைக் குவித்து, வேறொரு பிள்ளை ஊற்றுவதற்காகக் காத்து நின்றனர். என் மாணவி ஒருத்தி அருகில் வந்து, "அம்மா, நான் போய் அந்தக் குவளையை அவர்கள் கையிலேயே கொடுக்கட்டுமா?" என்று கேட்டாள். நான் சொன்ன விடை இன்றும் நினைவில் இருக்கிறது: "இது நம் பள்ளியன்று, பெண்ணே. பயிற்சி முடியட்டும். நீ பாடக்குறிப்பைக் கவனி." பயிற்சி மேலும் மூன்று வாரம் நடந்தது. மூன்று வாரமும் அப்பிள்ளைகள் கைகுவித்தே குடித்திருப்பர். பின்னப் பாடத்தை நன்கு நடத்தியதற்காக அம்மாணவிக்கு நல்ல மதிப்பெண் இட்டேன். அவளுடைய வினாவுக்கு மதிப்பெண் இடும் கட்டம் என் படிவத்தில் இல்லை.

அன்று என்னைத் தடுத்தது எது? அச்சம் சிறிது, தலைமையாசிரியரின் மனம் கோணுமே என்ற தயக்கம் பெரிது. அதன் அடியில், அப்பிள்ளைகள் என் வீட்டுப் பிள்ளைகள் அல்லர் என்னும் எண்ணம் ஒளிந்திருந்தது. என் மகள் அவ்வாறு கைகுவித்து நின்றிருந்தால் மூன்று வாரம் பொறுத்திருப்பேனா?

இவ்வெண்ணத்திற்கு நம் நூல்களில் பெயருண்டு. சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் நற்காட்சியைக் கெடுக்கும் செருக்கு எட்டு என்பார்: அறிவு, பெறும் சிறப்பு, குலம், சாதி, வலிமை, செல்வம், தவம், உடல் என்பன பற்றி எழுவன. குலச் செருக்கும் சாதிச் செருக்கும் தனித்தனியே எண்ணப்பட்டிருத்தலைக் கருதுக. நற்காட்சி உடையவன் சண்டாளனாகப் பிறந்தவனாயினும் தேவனே என்பதும், சாம்பல் மூடிய கனல் போன்றவன் என்பதும் அந்நூலின் கருத்து. கொல்லாமை அணுவிரதத்திற்கு அது காட்டும் சான்றோன் யார்? சதுர்த்தசி நாளில் கொல்லேன் என்ற விரதத்தை அரசாணைக்கும் அஞ்சாது காத்த யமபாலன் என்னும் சண்டாளன். நான் சிறுமியாக இருந்தபோது கேட்ட கதை இது. கதையில் யமபாலனை வணங்கிய நாங்கள், களத்து மேட்டில் வேலை செய்தவர்க்குக் கொட்டாங்கச்சியில் நீர் வார்த்தோம். இரண்டையும் ஒரே நாளில் செய்த நாட்களும் உண்டு.

சாதியும் இனமும் ஒன்றா என்று கற்றோர் வாதிடுவர். 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு நடந்தபோது, சாதி இனமன்று என்றே நம் அரசு நின்றது. தலித் அமைப்புகள் பிறப்பால் வரும் இழிவு எதுவாயினும் ஒன்றே என்றன. சொல்லாராய்ச்சி எவ்வாறாயினும் ஆகுக. 1893இல் பீட்டர்மாரிட்சுபர்க்கு நிலையத்தில் காந்தியடிகள் தொடர்வண்டியிலிருந்து இறக்கப்பட்டதைப் பாடமாக நடத்தும்போது வகுப்பே கொதிக்கும். தேநீர்க் கடைக் குவளைக்கு அந்தக் கொதிப்பு வராமைக்குக் காரணம், அங்கே இறக்கப்பட்டவர் நாம். இங்கே இருக்கையில் அமர்ந்திருப்பவர் நாம்.

இருக்கையில் அமர்ந்திருப்பவர் என்ன செய்யலாம்? ஓர் ஆசிரியையைக் காட்டுகிறேன். 1960 நவம்பரில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரில், வெள்ளையர்க்கு மட்டுமே உரியதாக இருந்த ஒரு பள்ளியில் ரூபி பிரிட்ஜசு என்னும் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி நீதிமன்ற ஆணையால் சேர்ந்தாள். வாயிலில் கூச்சலிடும் கூட்டத்தினூடே கூட்டரசுக் காவலர் சூழ அவள் நடந்து வந்தாள். பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்றுவிட்டனர். அவளுக்குக் கற்பிக்க முன்வந்தவர் பாஸ்டன் நகரிலிருந்து வந்த பார்பரா என்றி என்னும் வெள்ளைய ஆசிரியை. அவ்வாண்டு முழுவதும் ஒரே மாணவி, ஒரே ஆசிரியை. ஆயினும் வகுப்பு நிறைந்திருந்தாற்போல் பாடம் நடந்தது. அவர் மேடையேறிப் பேசவில்லை; தம் கையிலிருந்த வேலையை ஒருவர்க்கும் மறுக்காது செய்தார். எனக்கும் 1986இல் அதுவே போதுமானதாக இருந்திருக்கும். ஒரு குவளையை ஒரு பிள்ளையின் கையில் கொடுப்பதற்குக் காவலர் துணை வேண்டியதில்லை.

உதவ வருபவர் செய்யும் பிழை ஒன்றும் உண்டு. நல்லவர்க்கே அது மிகுதியும் நேர்கிறது. 1936இல் லாகூரில் சாதி ஒழிப்புக்கென்றே அமைந்த ஒரு சங்கம், பெரும்பாலும் மேற்சாதி இந்துக்கள் நடத்தியது, தன் மாநாட்டுத் தலைமையுரைக்கு டாக்டர் அம்பேத்கரை அழைத்தது. உரையின் படியைக் கண்டதும் சில பகுதிகளை மாற்றக் கேட்டது. அவர் இசையவில்லை, மாநாடே கைவிடப்பட்டது. அவர் அவ்வுரையைத் தம் செலவில் அச்சிட்டார். சாதி ஒழிப்பு என்னும் பெயரில் தமிழிலும் அது கிடைக்கிறது. நமக்கு இனிக்கும் அளவு மட்டும் அவர் துன்பத்தைக் கூறட்டும் என்று எதிர்பார்ப்பது துணைநிற்றல் ஆகாது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 சூலை 8 அன்று நுழைந்தவர்களில் வைத்தியநாத ஐயர் பெயரை நாம் போற்றுகிறோம். போற்றத்தக்கதே, வைதிகரின் பெரும்பகையை அவர் தாங்கினார். ஆனால் கக்கனைத் தவிர, உடன்சென்ற மற்றையோரின் பெயர்களை நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்? நானும் நூலைப் புரட்டித்தான் அறிந்தேன்.

எனவே முதற்கடமை கற்றல். அதையும் துன்புற்றவரை மீண்டும் மீண்டும் சொல்லச் செய்து கற்கலாகாது. வீட்டு வேலைக்கு வரும் அம்மையாரை நிறுத்திவைத்து அவர் ஊரில் என்ன நடக்கிறதென்று வினவுதல் கல்வியன்று. அவர்களே எழுதிவைத்த நூல்கள் உள்ளன. 1992இல் வெளிவந்த பாமாவின் கருக்கு சிறிய நூல். ஒரு பெண்பிள்ளை பள்ளிப் பருவம் முதல் கண்டதைப் பேச்சுத் தமிழிலேயே கூறுகிறது. அதன் மொழி நம் வீட்டுப் பெரியவர் சிலர்க்குக் கூச்சமளிக்கலாம். எனக்கும் முதலில் அளித்தது. இரண்டாம் முறை படித்தபோது கூச்சம் வேறிடத்தில் எழுந்தது. சட்டத்தையும் அறிந்திருத்தல் நன்று. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் உணவகங்களில் பாத்திரத்தை மறுப்பதைக் குற்றமாக்கியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. தேநீர்க் கடையில் தனிக் குவளையைக் கண்டால், முதலில் உரியவர்களிடம் தனியே பேசி, அவர்கள் விரும்பும் வகையில் முறையீடு செய்க. நாம் ஊர் திரும்பிவிடுவோம். பின்விளைவைத் தாங்குபவர் அவர்களே.

கடைக்கு முன் நம் சமையலறை இருக்கிறது. சென்ற ஆண்டு என் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தேன். சன்னலோரம் தனியே ஓர் எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்திருந்தது. யாருக்கென்று எவரும் எழுதிவைக்கவில்லை. ஆயினும் என் பேத்திக்கும் தெரிந்திருந்தது. அவளுக்கு அதைக் கற்பித்தவர் யார்? இருபத்தெட்டு ஆண்டு பயிற்றாசிரியையாக இருந்த எனக்கு விடை கூற நாணமாயிருந்தது. அந்த டம்ளரை மற்றவற்றோடு அடுக்கினேன். மறுநாள் வேலைக்கு வந்த அம்மையார் சன்னலோரம் தேடினார். இதில் குடியுங்கள் என்று வேறொன்றைக் கொடுத்தபோது, இருக்கட்டும் அம்மா என்று இருமுறை மறுத்தார். நான் வற்புறுத்தவில்லை; காலங்காலமாக ஒரு வழியில் நடத்தியவள் ஒரே காலையில் மாறிவிட்டேன் என்று அவர் ஏன் நம்பவேண்டும்? பதினைந்து நாள் கழித்து அவரே அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார்.

அடுத்த இதழ் வருமுன் வாசகர் இல்லங்களில் கருக்கு நூலை ஒருவர் படிக்க மற்றவர் கேட்டல் நன்று. பிள்ளைகள் குறுக்கிட்டு வினவினால் நிறுத்தி விடை கூறுக. விடை தெரியாதவிடத்து, அன்று நான் என் மாணவியிடம் கூறியதுபோல் பாடக்குறிப்பைக் கவனி என்று மட்டும் கூறற்க.