இசைத்தட்டிற் பாடபேதம்

ஒரு நூலுக்கு ஏட்டுப் பிரதிகள் பல உளவாதலும், அவற்றுள் ஒன்றற்கொன்று பாடம் வேறுபடுதலும் தமிழ் பயில்வார் யாவரும் அறிந்தனவே. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1887இற் சீவக சிந்தாமணியையும் 1894இற் புறநானூற்றையும் அச்சேற்றியபொழுது, ஊர்தோறுந் தேடித் திரட்டிய ஏடுகளை ஒப்புநோக்கியே பாடங்களைத் துணிந்தார்கள். ஏடெழுதும் வழக்கம் ஒழிந்து, இயந்திரமே ஒலியைப் பதியுங் காலம் வந்தபின் பாடபேதத்திற்கு இடமேது என்று நாம் எண்ணுதல் கூடும். ஆயினும், ஒரே குழுவினர் ஒரே அறையில் ஒரே நாளிற் பாடிய ஒரு பாட்டு, இருவேறு தட்டுக்களில் இருவேறு பாட்டாய் ஒலித்தல் உண்டு. 1960க்கும் 1970க்கும் இடையே வெளிவந்த ஆங்கில ராக் இசைத்தட்டுக்களில் இது மிகுதி. அவற்றின் மோனோப் பதிப்பையும் ஸ்டீரியோப் பதிப்பையும் ஒப்பிட்டு, அதனால் நம் தமிழ்ப் பாட்டுக்களைக் குறித்து அறியத்தக்கது யாதெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மோனோ என்பது ஒலி முழுவதையும் ஒரே தடத்தில் அடக்கித் தருவது. ஸ்டீரியோ என்பது இடப்புறத்திற்கு ஒன்றும் வலப்புறத்திற்கு ஒன்றுமாக இரு தடங்கள் தருவது. பின்னதன் தத்துவத்தை அறியப் பரிசோதனைச்சாலை வேண்டுவதில்லை. தமிழ்நாட்டின் எல்லையிலுள்ள ஜூஜுவாடியில், கருநாடகத்து அத்திப்பள்ளி இடப்பக்கமும் ஓசூர் வலப்பக்கமும் அமைய நெடுஞ்சாலையை நோக்கி நின்று, கண்ணை மூடிக்கொண்டாற் போதும். பாரமேற்றிய லாரி ஒன்று எல்லை கடந்து வருவதும், நம் எதிரே முழங்குவதும், ஓசூர்ப்பக்கம் தேய்ந்து போவதும் காதாலேயே புலனாகும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வது. நம் காதுகளுக்கு இடையேயுள்ள தூரமோ சுமார் 20 சென்டிமீட்டர். ஆகவே இடப்புறத்து ஒலி வலக்காதை அடைவதில் நொடியில் ஏறத்தாழ ஆயிரத்தெழுநூற்றில் ஒரு பங்கினளவே தாமதிக்கும். அச்சிறு தாமதத்தையும், தலை மறைத்தலால் உயர்ந்த ஒலிகளில் உண்டாகும் வலிவுக் குறைவையும் கொண்டே மனம் திசையை உணர்கின்றது. இதனை ராலே பிரபு 1907இல் விளக்கினார்.

லண்டனில் இ.எம்.ஐ. கம்பெனியைச் சார்ந்த ஆலன் பிளம்லைன் என்னும் பொறியியலறிஞர், இவ்வியல்பைத் தட்டிற் பதியும் முறையை 1931இலேயே வகுத்து உரிமைப்பத்திரத்திற்கு விண்ணப்பித்தார். பழைய தட்டில் ஊசி பக்கவாட்டில் மட்டும் அசையும்; பிளம்லைன் முறையிலோ தட்டுப்பள்ளத்தின் இரு சுவர்களும் இரு தடங்களைத் தனித்தனியே தாங்கும். 1934இல் அபே ரோட் ஒலிப்பதிவு நிலையத்தில் மோட்ஸார்ட் இயற்றிய வாத்திய இசையொன்றின் ஒத்திகையை இவ்வாறு பதிந்தும் காட்டினார். 1942இற் போர்க்காலப் பணியில் விமான விபத்திற்கு இரையானார் அவ்வறிஞர். அவர் கண்ட ஸ்டீரியோத் தட்டு கடைக்கு வந்தது 1958ஆம் ஆண்டையொட்டியே.

வந்தவுடன் அது நாட்டை ஆண்டுவிடவில்லை. இளைஞர் கையிலிருந்தனவெல்லாம் ஒரே ஒலிபெருக்கி உடைய சிறு பெட்டிகளும் டிரான்சிஸ்டர் வானொலிகளுமே. எனவே பீட்டில்ஸ் குழுவினர்க்கும் அவர்தம் பதிவை நடத்திய ஜார்ஜ் மார்ட்டினுக்கும் மோனோவே மூலப்பிரதியாய் இருந்தது. 1963 பிப்ரவரி 11ஆம் நாள் ஒரே நாளிற் பத்துப் பாட்டுக்களைப் பதிந்த முதல் தொகுதியில், குரல்கள் ஒரு தடத்திலும் வாத்தியங்கள் மற்றொரு தடத்திலும் வைக்கப்பட்டன. பின்னர் இரண்டையும் அளவறிந்து ஒன்றாக்குதற்குச் செய்த வசதியன்றி அது வேறன்று. அதனையே ஸ்டீரியோ எனக் கடையில் விற்றபொழுது, பாடுவோர் ஒரு மூலையிலும் வாசிப்போர் எதிர் மூலையிலும் பிணங்கி நிற்பதுபோல் ஆயிற்று. 1965இல் வந்த 'ரப்பர் சோல்' தொகுதியின் ஸ்டீரியோவிலும் இக்குறை பெரிதும் உண்டு. 1987இற் பீட்டில்ஸ் தொகுதிகள் குறுந்தட்டாக வெளிவந்தபோது, முதல் நான்கும் மோனோவாகவே வெளியிடப்பட்டன. 'ரப்பர் சோல்' தொகுதியை மார்ட்டின் தாமே மீண்டும் கலந்து கொடுத்தார்.

இதுகாறும் கூறியது இடவேறுபாடு மட்டுமே. பாட்டே வேறுபடும் இடங்களும் உள. பலவாகப் பதிந்த ஒலிகளை அளவறிந்து சேர்ப்பதை ஒலிப்பதிவாளர் கலவை என்பர். மோனோவுக்கு ஒரு கலவையும் ஸ்டீரியோவுக்கு ஒரு கலவையும் வெவ்வேறு நாளிற் செய்யப்பட்டமையால், ஏடு பெயர்த்தெழுதுவோர் கையில் நிகழ்ந்தனவெல்லாம் இங்கும் நிகழ்ந்தன. 1966இல் வந்த 'ரிவால்வர்' தொகுதியில் ஜார்ஜ் ஹாரிசன் இயற்றிய 'லவ் யூ டு' என்னும் பாட்டை எடுத்துக்கொள்வோம். சிதாரும் தபலாவும் முழங்கும் அப்பாட்டின் இறுதி, மோனோவிற் சில நொடிகள் நீண்டு ஒலிக்கும். ஸ்டீரியோவில் அது முன்னரே தேய்ந்துவிடும். நம் நாட்டு வாத்தியம் கேட்கும் ஆவலுடையார்க்கு இது சிறிய இழப்பன்று! 1968இல் வந்த இரட்டைத்தட்டிலுள்ள 'ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர்' இதற்கு எதிர்மாறானது. ஸ்டீரியோவில் பாட்டு அடங்கிப் பின் மீண்டெழுந்து, டிரம் வாசித்த ரிங்கோ ஸ்டார் தம் விரலிற் கொப்புளம் எழுந்ததைக் கூவிச் சொல்வதோடு முடியும். மோனோவில் அக்கூவலும் இல்லை. அதற்கு முன்னுள்ள பகுதியும் ஏறத்தாழ ஒரு நிமிஷம் குறைவு.

எல்லாவற்றினும் சிறந்த சான்று 1967இன் 'சார்ஜண்ட் பெப்பர்' தொகுதியே. அதன் மோனோக் கலவையின்போது குழுவினர் உடனிருந்து, இது கூட்டுக, அது குறைக்க என்று கருத்தோடு பணித்தனர். ஸ்டீரியோக் கலவையோ அவர் வாராத வேளையில், மிகச் சில நாட்களில் முடிக்கப்பட்டது. அத்தொகுதியில் ஒரு பெண் வீட்டை விட்டு வெளியேறும் செய்தியைக் கூறும் 'ஷீ இஸ் லீவிங் ஹோம்' என்னும் பாட்டு உளது. மோனோவில் அதன் சுருதி நான்கு கட்டை. ஸ்டீரியோவில் மூன்று கட்டை. மோனோவுக்காக நாடாவைச் சற்று விரைந்து ஓட்டினமையே காரணம். நம் சங்கீத வித்துவான்கள் கட்டை வேறுபடின் பாவமே வேறுபடும் என்பர். இங்கே அதனைச் செவியாற் காணலாம். மோனோவிற் பாட்டு துடிப்போடு நடக்கின்றது. பெற்றோரின் புலம்பல் கூர்மையாகத் தைக்கின்றது. ஸ்டீரியோவில் அதுவே சோம்பி இழுபடுகின்றது. பல்லாண்டுகளாக உலகோர் பெரும்பாலும் கேட்டது இந்தச் சோம்பிய பாடத்தையே. ஏனெனில் 1970ஐ ஒட்டி மோனோத் தட்டுக்கள் கடையினின்றும் மறைந்தன. மறைந்த மோனோக்களைத் திரட்டிய பேழை 2009இலேயே வெளிவந்தது. 2017இல் மார்ட்டினின் மைந்தர் கைல்ஸ் மார்ட்டின் அத்தொகுதியை ஸ்டீரியோவிற் புதிதாய்க் கலந்தபொழுது, பழைய மோனோவையே வழிகாட்டியாகக் கொண்டு, மேற்சொன்ன பாட்டினை நான்கு கட்டைக்கே உயர்த்தினார். தந்தையார் விட்ட ஏட்டை மைந்தர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திய செய்கை அன்றோ இது!

இவ்வரிசையில் அமெரிக்க நாட்டுப் பீச் பாய்ஸ் குழுவினரின் 'பெட் சவுண்ட்ஸ்' தனி இடம் பெறும். அதனை 1966இல் ஆக்கிய பிரையன் வில்சனுக்கு வலக்காது பெரும்பாலும் கேளாது. ஒரு செவியாற் கேட்கும் ஒருவர், ஒரே தடத்தில் இத்துணை வாத்தியங்களையும் ஒன்றையொன்று மறையாவாறு அடுக்கிய திறம் வியப்பிற்குரியது. 1997இல் அதற்கு ஸ்டீரியோக் கலவை வெளிவந்தபொழுது ஒவ்வொரு வாத்தியமும் தெளிந்தது. ஆயினும் முதற்பாட்டின் நடுப்பகுதியில் மோனோவிற் பாடிய மைக் லவ்வின் குரல் நாடாவிற் கிட்டாமையால், அங்கே வில்சன் குரலே ஒலிக்கின்றது.

இங்ஙனம் கூறியதுகொண்டு ஸ்டீரியோவைப் பழித்தோமென்று கொள்ளற்க. 1968இல் வந்த ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' தொகுதியில் கிதார் ஒலி ஒரு செவியினின்று மறு செவிக்குச் சுழன்று பாய்வது பாட்டின் உயிரேயாகும். அதை ஒரு தடத்தில் அடைப்பின் எஞ்சுவது உடலே. பீட்டில்ஸ் குழுவினரே 1969இல் 'அபே ரோட்' தொகுதியை எட்டுத் தடப் பதிவில் ஸ்டீரியோவாக மட்டுமே செய்தனர். அதற்கு மோனோப்பாடம் செய்யப்படவேயில்லை. எப்பாட்டு எவ்வடிவிற்கென எண்ணி ஆக்கப்பட்டதோ அதுவே அதன் மூலப்பாடம் என்பது நம் துணிபு.

கேட்கும் இடத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஸ்டீரியோ, இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு நடுவே அசையாது அமர்ந்திருக்கும் ஒருவருக்காக அமைந்தது. ஜூஜுவாடியில் வேலைமுறை முடிந்து திரும்பும் இளைஞர் இருவர், ஓர் இணைக் காதணியொலியில் ஆளுக்கொன்றைச் செவியிற் செருகிக்கொண்டு பேருந்திற்குக் காத்திருத்தல் புதிதன்று. அவர்கள் 'ரப்பர் சோல்' தொகுதியின் பழைய ஸ்டீரியோவைக் கேட்பாராயின், ஒருவர் பாட்டின்றி வாத்தியத்தையும், மற்றவர் வாத்தியமின்றிப் பாட்டையும் கேட்டுக்கொண்டிருப்பர். பிறகு அப்பாட்டைக் குறித்து இருவரும் வாதிடின் எங்ஙனம் முடியும்? ஒரு பக்கத்து ஒலிபெருக்கி பழுதான தொழிற்சாலைப் பேருந்திலும், கடைவாயிலுக்கொன்றும் அடுப்பருகே ஒன்றுமாகத் தொங்கவிட்ட தேநீர்க்கடையிலும் இதே நிலைதான். மோனோவோ எங்கிருந்து கேட்பினும் எவர்க்கும் முழுப்பாட்டையே அளிக்கும்.

இனித் தமிழ்ப் பாட்டுக்களுக்கு வருவோம். 1950க்கும் 1970க்கும் இடைப்பட்ட நம் திரைப்பாட்டுக்கள் மோனோவாகவே பிறந்தன. பாடுவோரும் வாத்தியக்காரரும் ஒருங்கே கூடி, ஒரே ஓட்டத்திற் பாடி முடிப்பது அக்கால வழக்கம். தபலா ஓங்கினால் அவரை இரண்டடி பின்னே அமர்த்துவர். புல்லாங்குழல் அடங்கினால் ஒலிவாங்கிக்கு அருகே அழைப்பர். பின்னர்த் திருத்துதற்குத் தனித்தடங்கள் இல்லாமையால், அளவெல்லாம் அந்நேரத்திலேயே அமைந்துவிடும். 1964இல் வந்த 'கர்ணன்' படத்தின் பாட்டுக்களில் விஸ்வநாதன் - ராமமூர்த்தி இருவரும் குரலுக்கு முன் எவ்வாத்தியத்தை எவ்வளவு நிறுத்தினர் என்பது அவர்தம் இசையறிவின் ஒரு பகுதியே.

பாட்டுக்களை ஸ்டீரியோவிற் பதிந்த முதல் தமிழ்ப்படம் எனப் பெயர்பெற்றது 1978இன் 'பிரியா'. இசை அமைத்தவர் இளையராஜா. அதனை வீட்டில் தகுந்த கருவியிற் கேட்டோர்க்கு வாத்தியங்கள் அறை முழுதும் பரவின. ஆனால் நாட்டுப்புறத்துக் கொட்டகைகளில் திரைக்குப் பின்னிருந்தது ஒரே வழி ஒலிதான். ஆகவே அப்படத்தின் பாட்டுக்களும் தட்டில் ஒருவாறும் கொட்டகையில் ஒருவாறுமாக மக்கள் செவியை அடைந்தன.

இதனினும் கவலைக்குரியது, மோனோவாய்ப் பிறந்த பாட்டைப் பின்னாளில் ஸ்டீரியோ ஆக்குதல். முன்னாளில், தாழ்ந்த ஒலிகளை ஒரு பக்கமும் உயர்ந்த ஒலிகளை மறுபக்கமும் பிரித்து, எதிரொலி கூட்டி, ஸ்டீரியோ என்று முத்திரையிட்டு விற்றனர். அது போலி, விரித்துரைக்கத் தகுவதன்று. இந்தியில் 1960இல் வெளிவந்த 'முகலே ஆஸம்' 2004இல் வண்ணம் தீட்டப்பெற்று மீண்டும் வந்தபோது வேறொரு வழி கைக்கொள்ளப்பட்டது: பாடியோர் குரலை வைத்துக்கொண்டு வாத்தியப் பகுதியைப் புதிதாய் வாசித்துப் பதிந்தனர். இசையமைத்த நௌஷாத் அவர்களே உடனிருந்தமையால் அதனை ஆசிரியர் திருத்திய இரண்டாம் பதிப்பு என்று ஒப்புக்கொள்ளலாம். ராமமூர்த்தி 2013இலும் விஸ்வநாதன் 2015இலும் மறைந்தனர். அவர்தம் பாட்டுக்களை இனி எவர் விரித்தாலும் அது உரையாசிரியர் ஊகமேயன்றி மூலமாகாது.

அவ்வூகத்திற்குக் கருவியும் வந்துவிட்டது. ஒரே தடத்திற் கலந்துபோன குரலையும் வாத்தியங்களையும் கணிப்பொறி கொண்டு பிரித்தெடுக்கும் முறையால், 'ரிவால்வர்' தொகுதிக்கு 2022இற் புதிய ஸ்டீரியோ செய்தனர். அங்கே பழைய மோனோவையும் அதே பேழையில் வைத்து வெளியிட்டார்கள். கேட்போர் இரண்டையும் ஒப்பிடலாம். நம் பாட்டுக்களுக்கோ, புதிய பாடம் வந்தவுடன் பழையது வழக்கொழிந்து போகின்றது. முரசும் எதிரொலியும் பின்னாளிற் சேர்ந்த பதிப்பையே மூலமென்று நம்பி வளரும் மாணவர் பலர். ஏடு கரையானுக்கு இரையாயிற்று என வருந்தும் நாம், பழைய தட்டு குப்பைக்குப் போவதை வருத்தமின்றிக் காண்கின்றோம்.

ஒப்பிட்டுக் கேட்க விரும்புவார்க்கு ஒன்று கூறுதல் வேண்டும். கைபேசிகளில் மோனோ என்றொரு விசை உளது. அதனை அமுக்கினால் மோனோப்பதிப்பு வந்துவிடுமென்று கருதற்க. அது ஸ்டீரியோவின் இரு தடங்களையும் கூட்டித் தருவது மட்டுமே. கூட்டுங்கால் நடுவிலுள்ள குரல் அளவிற்கு மேல் ஓங்கும். ஓரத்து வாத்தியங்கள் தாழும். எதிரெதிரான அலைகள் ஒன்றையொன்று அழிக்கும். 'ஷீ இஸ் லீவிங் ஹோம்' மூன்று கட்டையிலேயே நிற்கும். உண்மை மோனோவுக்கு அக்காலத் தட்டையோ அதனின்றும் பெயர்த்த பதிப்பையோ தேடுதல் வேண்டும். பழைய மோனோத் தட்டைப் புதிய ஸ்டீரியோ ஊசியில் வைப்போர்க்கு அவ்விசைக்குரிய செயல் நன்கு பயன்படும். தூசியால் எழும் மேல்கீழ் அசைவு இரு தடங்களிலும் எதிரெதிராய்ப் பதிவதால், இரண்டையும் கூட்டியவுடன் கரகரப்பிற் பெரும்பகுதி அடங்கிப் பாட்டு தெளிவுறும்.