கெட்டி மண்ணுக்கு மண்வெட்டியும் முள்ளும்: கொள்முதலில் பார்க்க வேண்டியவை

கிராமத்து மளிகைக் கடைகளில் கயிறு, பக்கெட்டோடு மண்வெட்டியும் அரிவாளும் சேர்ந்தே விற்பனையாகின்றன. ஆடிப் பட்டத்துக்கு முன்பும் ஐப்பசி மழைக்கு முன்பும் இவற்றின் ஓட்டம் கூடும் என்பது உறுப்பினர்கள் அறிந்ததே. வீட்டுத் தோட்டம் போடுவோரும் நர்சரிக்காரர்களும் நான்கு பல் உள்ள முள்ளை (ஃபோர்க்) கேட்டு வருவதும் உண்டு. அரிசி பருப்பின் தரத்தைக் கையில் அள்ளிய உடனே சொல்லிவிடும் நாம், இரும்புச் சாமான் என்றால் மட்டும் பெயின்ட்டையும் விலையையும் பார்த்து ஆர்டர் கொடுத்துவிடுகிறோம்.

இதில் நஷ்டம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, 300 ரூபாய்க்கு வாங்கிய முள்ளை 345 ரூபாய்க்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 45 ரூபாய். ஒன்று வளைந்து திரும்பி வந்து, மொத்தக் கடைக்காரரும் அதை ஏற்க மறுத்தால், ஏழு முள் விற்ற லாபம் போய்விடும். வாங்கியவருக்கோ அன்றைய கூலியே போகிறது. அவர் கணக்கு எழுதி மளிகை வாங்குபவராக இருந்தால், முள்ளோடு மளிகையும் அடுத்த கடைக்குப் போகும்.

மண் தோண்டும் கருவி பெரும்பாலும் நுனியில் கெடுவதில்லை. நுனி தேய்ந்தால் அரம் போட்டுக்கொள்ளலாம், பட்டறையில் அடித்து வாங்கலாம். கெடுவது இணைப்பில்தான். முள்ளை மண்ணில் ஏற்றிக் காம்பை அழுத்தும்போது அது நெம்புகோலாக வேலை செய்கிறது. காம்பு மூன்றடி, பல் ஓரடி என்றால், கையால் கொடுக்கும் 20 கிலோ அழுத்தம் பல் நுனியில் ஏறத்தாழ 60 கிலோவாகிறது. அவ்வளவையும் தாங்குவது கழுத்துப் பகுதி. ஆகவே சரக்கை எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டிய இடம் கழுத்து.

நல்ல முள்ளில் நான்கு பல்லும் தலையும் ஒரே இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடித்து இழுத்தவையாக இருக்கும். மலிவுச் சரக்கில் ஒரு பட்டையில் நான்கு கம்பிகளை வைத்து வெல்டிங் செய்திருப்பார்கள். வெல்டிங் பலமாக இருந்தாலும், அந்தச் சூட்டில் பக்கத்து இரும்பின் பதம் மாறிவிடுகிறது. விரிசல் பெரும்பாலும் வெல்டிங்கை ஒட்டித்தான் கிளம்பும். கழுத்தில் மட்டும் பெயின்ட் தடிமனாக இருந்தால் சந்தேகப்படுங்கள். நகத்தால் சுரண்டினாலே மேடு தெரியும். மெல்லிய உருண்டைப் பற்கள் உள்ள முள் எருக்குப்பை அள்ளுவதற்கானது. அதைத் தோண்டுவதற்கென்று விற்றுவிட்டு, வளைந்த பிறகு தயாரித்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தோண்டும் முள்ளுக்குப் பல் சதுர வெட்டில், கழுத்தருகே தடித்து நுனிக்குச் சிறுத்து வர வேண்டும்.

சோதனை எளிது. முள்ளைச் சமதரையில் வைத்தால் நான்கு நுனியும் தரையைத் தொட வேண்டும். பிறகு பல் நுனிகளை ஒரு கனமான கல்லின் அடியில் செருகிக் காம்பை அழுத்துங்கள். விட்டதும் பழைய நிலைக்கு மீண்டால் பதம் வைத்த எஃகு. வளைந்தபடியே நின்றால் மென்னிரும்பு. கார்பன் குறைவானதால் என்ன காய்ச்சினாலும் அதற்குப் பதம் ஏறாது. அரமும் ஒரு துணை: நுனியில் அரம் வெண்ணெயில் போவது போலப் போனால் மென்மை, பிடிக்கவே இல்லாமல் வழுக்கினால் அளவுக்கு மீறிய கடினம். இரண்டாவது வகை பாறையில் பட்டால் உடையும். வளைவதை விட அது ஆபத்து. மொத்தக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டுக்கு ஒன்றை எடுத்து இப்படிப் பார்க்கலாம். சரக்கில் நம்பிக்கை உள்ளவர் மறுக்கமாட்டார்.

மண்வெட்டிக்கும் இதே கணக்குதான். அங்கே கழுத்துக்குப் பதில் காது. இலையும் காதும் ஒன்றாக அடித்தெடுத்தது முதல் தரம். காதைத் தனியாக வைத்து ரிவிட் அடித்தது மணற்பாங்கான இடத்துக்குப் போதும். சரளைக்கு ஆகாது, ரிவிட் ஆட்டம் கொடுத்துவிடும். லாரி ஸ்பிரிங் பட்டையில் உள்ளூர்ப் பட்டறையில் அடித்த மண்வெட்டியை இளப்பமாக நினைக்க வேண்டாம். அந்த எஃகு நல்ல எஃகு. பதம் சரியாக வைக்கும் கை அமைந்தால், கம்பெனிச் சரக்கோடு போட்டி போடும்.

எந்த ஊர் மண்ணுக்கு என்று கேட்டு விற்பது அவசியம். கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் மண் ஈரத்தில் இலையோடு அப்பிக்கொள்ளும். அங்கே முள் நன்றாக வேலை செய்யும், பல் இடுக்கில் மண் உதிர்ந்துவிடும். கோடையில் அதே கரிசல் வெடித்துக் கல்லாகி நிற்கும்போது முள்ளைக் கொடுக்காதீர்கள். கடப்பாரையோ குந்தாலியோ முதலில் உடைத்துக் கொடுக்க வேண்டும். புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்புறாங்கல் பூமியிலும் அப்படித்தான். கல் கலந்த மண்ணில் பல் கல்லிடையே மாட்டி விரிந்துவிடும். அகலம் குறைந்த, கனமான மண்வெட்டியே அங்கு நிற்கும்.

காம்பைத் தனியாக வாங்கி விற்பவர்கள் கருவேலங் காம்பு கேளுங்கள் (சீமைக் கருவேலம் அல்ல, நாட்டுக் கருவேலம்). மர இழை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அந்த இடத்தில் முறியும். பச்சை மரம் காய்ந்து சுருங்கியதும் தலை கழன்றுவிடும். தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குவது அன்றைக்கு மட்டும்.

பில் விஷயத்தில் இரண்டு செய்திகள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, கையால் இயக்கும் மண்வெட்டி, முள், கோடரி போன்ற 8201 தலைப்பிலான விவசாயக் கருவிகள் வரி இல்லாத பட்டியலில் வைக்கப்பட்டன. அதே பில்லில் வரும் சுத்தியலுக்கும் ஸ்பானருக்கும் இது பொருந்தாது; பிரித்துப் போடச் சொல்லுங்கள். அடுத்தது, 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். குறையுள்ள பொருளால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டு, தயாரித்தவர் யாரென்று தெரியாவிட்டால், விற்ற கடைக்காரர் மீதே பொறுப்பு வர அதில் இடமுண்டு. முத்திரையும் பில்லும் இல்லாத சரக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இதை நினைத்துக்கொள்ளவும். பட்டறைச் சரக்குக்கும் ஒரு துண்டுச் சீட்டாவது வாங்கி வைப்பது நல்லது.

வந்த சரக்கை உப்பு மூட்டைக்கும் உர மூட்டைக்கும் அருகில் சாத்தி வைக்கும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. இரண்டும் ஈரத்தை இழுப்பவை. ஒரு மழைக்காலத்திலேயே காதுக்குள் துரு ஏறிவிடும். மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்துச் சுவரில் மாட்டி வையுங்கள். கடலை எண்ணெய் வேண்டாம், பிசின் போல ஒட்டித் தூசி பிடிக்கும்.